மாணவி ஏழின் வலக்கை குறித்த பெரும்போர்

வெண்பலகை என்னும் விளைநிலத்தை மைக்கோலால் உழுது, எழுத்தென்னும் விதை தூவி, சிவப்புக் கோட்டால் களை பறித்து, கால்நூற்றாண்டாய்ச் சிறார் நாவில் செந்தமிழ் அறுவடை கண்ட பேராசான். சிங்கப்பூரின் சுவா சூ காங் அடுக்குமாடி நாட்டின் மேல்தளத்தை மனைவி அற்புதமேரி அம்மையாரின் அனுமதியோடு ஆண்ட வேந்தர். இரண்டு மூக்குக்கண்ணாடிகள் உடையவர், அவ்விரண்டையும் ஒரே நேரத்தில் தேடவும் வல்லவர். மின்தூக்கியில் முன்பின் தெரியாதவரிடமும் வணக்கம் வாங்காமல் இறங்காத இஞ்ஞாசி வாழ்க, வாழ்க.

அவர் இப்போது அதே வட்டாரத்துக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல காற்றோட்டமான இடத்தில் ஓய்வெடுக்கிறார் என்பதால் ‘வாழ்க’ என்ற சொல் பொருந்துமா என்று வைதேகி கேட்பாள். கேட்கட்டும். இன்னோர் ஆள் தனியே பார்த்து ஒப்புக்கொள்ளாத எதையும் அவள் நம்புவதில்லை. அந்த வைதேகியோடு இஞ்ஞாசி பொருத போரே இக்காவியம். காவியத்துக்குக் காப்பு வேண்டும். ஞாயிறு தவறாமல் பூசை கண்டவர் நம் தலைவர் ஆதலால், தொலைந்த சாவியையும் தொலைந்த பணப்பையையும் தேடிக் கொடுப்பதில் நிகரற்ற கோடி அற்புதர் அந்தோனியாரே காப்பு. இக்கதையில் தொலைந்தது நூற்றில் ஒரு பங்கு. அதைத் தேடிக் கொடுக்கும்படி அவரை வேண்டித் தொடங்குவோம்.

ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு விரதம் உண்டு. இஞ்ஞாசியின் விரதம் திருமண விருந்துகளிலும் பிரிவுபசாரக் கூட்டங்களிலும் பலமுறை ஒலித்தது: “என் வகுப்புல கை தூக்கின ஒரு பிள்ளையக்கூட நான் பார்க்காம விட்டது கிடையாது.” சக ஆசிரியர்கள் இதை மனப்பாடமாய்ச் சொல்வார்கள், சிலர் அவர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். ஆனாலும் அது வெறும் பெருமையன்று. சிறுவனாய் இருந்தபோது கடைசி வரிசையில் நெடுநேரம் கை தூக்கி, தோள் கடுத்து, யாரும் பாராமல் இறக்கியவர் அவர். தாம் ஆசிரியரானால் அப்படி ஒரு கையும் இறங்கக்கூடாது என்று அன்றே எண்ணியவர். அவருடைய மார்புக் கவசம், கேடயம், பரம்பரைச் சொத்து எல்லாம் இந்த ஒரு வாக்கியமே.

இத்தகைய வீரர், தலை நரைத்த பின், கல்வித்துறை முதுகலைப் பட்டம் என்னும் மலைமேல் ஏறக் கச்சை கட்டினார். பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, மாலையில் தாமே பிள்ளையாகி, இரவுணவுக்கு முன் ஆய்வு முறையியல் பயின்றார். அந்த அவைக்குத் தலைமை ஏற்றவர் முனைவர் பெதானி; இஞ்ஞாசி பணியில் சேர்ந்த ஆண்டில் அவர் பாலர் பள்ளியில் பொம்மைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தவர். இப்போதோ சான்று என்னும் செங்கோல் ஏந்தி, ‘எனக்குத் தோணுது’ என்று தொடங்கும் வாக்கியங்களை முளையிலேயே கிள்ளினார்.

அவர் இட்ட பணி இது. ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பையே காணொளியில் பதிவு செய்யவேண்டும். அதை இருவர் தனித்தனியே பார்த்து, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு கணமும் என்ன செய்கிறது என்று குறியிடவேண்டும்: கை தூக்கினால் ஒரு குறி, பதில் சொன்னால் ஒரு குறி, தலை சொறிவது, கொட்டாவி விடுவது, அழிப்பானைக் கடிப்பது ஆகிய உலகியல் செயல்களுக்கெல்லாம் ‘பிற’ என்று ஒரே குறி. பிறகு இரண்டு பேர் குறிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். நூற்றுக்கு எண்பதாவது ஒத்துப்போனால் நல்லது என்று பாடநூல் சொன்னது. பாடநூல் ‘நல்லது’ என்றுதான் சொன்னது. ஆனால் மதிப்பெண் கண்டு நடுங்கும் மாணவருலகில் நல்லது என்பது கட்டளை என்றே படிக்கப்படும். அடுத்தவர் மதிப்பெண்ணைப் போட்டே வாழ்ந்த ஆசிரியர்கள் மாணவரானால் அது தேவகட்டளை.

காணொளி இஞ்ஞாசியின் தொடக்கநிலை நான்கு வகுப்பு. இரண்டாவது கண் உடன்பயிலும் வைதேகி. யார் இந்த வைதேகி? ஆங் மோ கியோவின் அறச்செல்வி, தொடக்கப்பள்ளிக் கணித ஆசிரியை, மடிக்கணினியை மார்போடு ஏந்தி மழையிலும் நனையவிடாதவள், “ஆதாரம் எங்க சார்?” என்ற ஒற்றைக் கணையால் மூத்தோர் பலரின் அனுபவ மாளிகைகளைச் சாய்த்தவள்.

இருவர் குறிகளும் மோதின. தொகை எண்பதுக்கு ஒன்று குறைந்து நின்றது. ஆங்காங்கே சிதறிய சில்லறை முரண்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இருவரும் கண்டது கண்டபடி விட்டார்கள். ஆனால் பாடத்தின் நடுவே, ஆசிரியர் வெண்பலகையை நோக்கித் திரும்பி எழுதும் வேளையில், ஆய்வில் பெயருக்குப் பதில் எண் தாங்கிய சன்னலோரத்து மாணவி ஏழின் வலக்கை மேலே எழுகிறது, காதைக் கடக்கிறது, கூந்தலருகே தங்குகிறது, இறங்குகிறது. இந்தக் கை என்ன கை? ‘கை தூக்குதல்’ என்றாள் வைதேகி. ‘பிற’ என்றார் இஞ்ஞாசி, அதாவது, சொறிந்தாள்.

இருவரும் இங்கே ஒன்றுபட்டால் எண்பது கைகூடும். ஆனால் அது கை தூக்கியதுதான் என்றால், வகுப்பில் ஒரு கை உயர்ந்திருக்கிறது, இஞ்ஞாசி பார்க்கவில்லை, கால்நூற்றாண்டு விரதம் காணொளிச் சாட்சியோடு உடைந்தது என்று பொருள். ஆகவே ‘கைக்கும் சொறிதலுக்கும் பேதம் அறியாதாரோடு சமரசம் இல்லை, தலை போனாலும் தலை சொறிந்ததாகவே சொல்வேன்’ என்று அவர் உள்ளத்துள் சூளுரைத்தார். வாட்ஸ்அப்பில் அது ‘ஒத்துக்க முடியாதும்மா’ என்று போய்ச் சேர்ந்தது.

செய்தி பெதானியின் அவைக்கு எட்டியது. “எது கை தூக்குறதுன்னு உங்க விளக்கமே அந்த இடத்துல தெளிவா இல்ல. இத மட்டும் மறுபடி பாருங்க,” என்றார் அவர். “பேசிக்கோங்க, சண்டை போட்டுக்கோங்க, ஆனா முடிவ ஆளுக்கு ஆள் தனியா எனக்கு அனுப்பணும். ஒருத்தர் என்ன போட்டார்னு இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. மரியாதைக்காக யாரும் விட்டுக் கொடுக்காதீங்க.”

போர்க்களம் லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவங்காடி. நாள் சனிக்கிழமை, பொழுது காலை. தோசைக்கல்லின் சீற்றமே சங்கநாதமாக, பிரியாணிச் சட்டியின் மூடி விழும் ஒலியே முரசமாக, சந்தைப் பைகளோடு அலைமோதும் மக்கட்கடலின் நடுவே ஒரு மேசையைக் கைப்பற்றி, அதன்மேல் டிஷ்யூ பொட்டலத்தை வெற்றிக்கொடியாய் நட்டு, மறுமுனையில் குடையைக் காவல் வைத்து, இஞ்ஞாசி காத்திருந்தார். வைதேகி வந்தாள். மடிக்கணினியைத் திறக்கவில்லை.

“சார், வீடியோவ இங்க ஓட்டக்கூடாது. வெளியாளு யாரும் பார்க்கமாட்டாங்கன்னு பேரண்ட்ஸ்கிட்ட சொல்லியிருக்கோம்.”

“அது எனக்குத் தெரியாதா? நடிச்சே காட்டுறேன். பாருங்க.”

இவ்வாறு ஆய்வறம் ஆயுதங்களைப் பறித்துக்கொள்ள, வெறுங்கைப் போர் மூண்டது. இஞ்ஞாசி மாணவி ஏழாக உருமாறினார். முதுகை நிமிர்த்தினார், கண்ணைப் பலகை இருக்கும் திசையில் பதித்தார், பின்பு, யானை துதிக்கையைத் தூக்குவதுபோல் மெல்ல வலக்கையை உயர்த்தி, காதைக் கடந்து, நரைமுடிக் காட்டுக்குள் விரல்களை இறக்கி, சொறிந்தார். ஐயத்துக்கு இடமில்லாத சொறிதல் அது. சொறிந்த சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்டது.

பானக்கடை வடிவேலு ஓடி வந்து நுரை ததும்ப ஆற்றிய தேநீராம் தே தாரிக் ஒன்றை மேசைமேல் வைத்தார். “அண்ணே, தே தானே?”

“நான் கூப்பிடலயே.”

“கை தூக்கினீங்களேண்ணே.”

வைதேகி உதட்டைக் கடித்துக்கொண்டாள். “நான் ஒண்ணும் சொல்லல சார். அண்ணன்தான் சொல்றாரு.”

“அவருக்கு யாவாரம். ஈ ஓட்டினாலும் தே கொண்டாந்து வைப்பாரு,” என்று உறுமிய இஞ்ஞாசி, இம்முறை முழங்கையை மடக்கி, கழுத்தைச் சாய்த்து, முகத்தில் அரிப்பின் வேதனையைக் கூட்டி, சொறிதற்கலையின் கொடுமுடியைத் தொட்டார். இரண்டாவது தே வந்தது.

“இப்ப நான் காட்டுறேன்,” என்றாள் வைதேகி. கோயில் கொடிமரம்போல், குற்றமற்றோர் சாட்சி சொல்ல உயர்த்தும் கைபோல், விரல்நுனி வரை நிமிர்ந்த நேர்கை ஒன்றை உயர்த்தி நிறுத்தினாள். வடிவேலு வரவில்லை. அவர் ஒரு குவளையை வானுக்கும் ஒரு குவளையை மண்ணுக்குமாய்ப் பிடித்து, இரண்டுக்கும் இடையே தேநீர் அருவியை ஓடவிட்டு, முதுகைக் காட்டி நின்றார். வாயைத் திறந்து கூப்பிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால் அவள் கூப்பிடவில்லை. கை கடுத்தது. இடக்கையால் வலக்கையைத் தாங்கினாள். எதிரே கீரைக்கட்டோடு அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “தோள்வலிக்கா தம்பி? யாரு சொல்லிக் கொடுத்தா? எனக்கும் ரொம்ப நாளா இருக்கு,” என்று கேட்டார். தம்பி என்று விளிக்கப்பட்டதில் இஞ்ஞாசியின் வயது குறைந்து வீரம் கூடியது.

“பாத்தீங்களா மேடம்? நீங்க செஞ்சதுக்குப் பேரு கை தூக்குறதுன்னா அவரு வந்திருக்கணுமே.”

“இது என்ன லாஜிக் சார்? அவரு தே ஆத்திக்கிட்டு இருக்காரு லா.”

“ஆளு வராத கை, கை இல்ல.”

“அப்போ நீங்க சொறிஞ்சது கையா? ரெண்டு தே வந்திருக்கே.”

வாள்கள் இவ்வாறு மோதிச் சிதற, வாதமும் மறுவாதமும் வானளாவ, தே இரண்டும் ஆறி ஆடை படிந்தன. யாரும் வெல்லவில்லை. கடைசியில் வைதேகி கையை இறக்கி, தோளை நீவிக்கொண்டே, குரலையும் இறக்கிக் கேட்டாள்: “அந்தப் பிள்ளை கை தூக்கல, தூக்கலன்னு சொல்றதுல உங்களுக்கு என்ன சார் அவ்வளவு பிடிவாதம்?”

எத்தனையோ மேடைகளில் சொன்ன அந்த வாக்கியத்தை இஞ்ஞாசி சொல்ல வாயெடுத்தார். ஏனோ வரவில்லை. ஆறிப்போன தேயை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “பஸ்சுக்கு நேரமாச்சும்மா,” என்றார். அவர் ரயிலில் வந்தவர்.

லிட்டில் இந்தியாவில் ஏறிய ரயில் வீட்டுக்கு வழியான புக்கிட் பாஞ்சாங்கை நோக்கிப் பாதாள வழியே பறந்தபோது, அடிபட்ட வேங்கை குகைக்குள் புண்ணை நக்குவதுபோல், அவர் காலைப் போரை மீண்டும் மீண்டும் நினைத்தார். வடிவேலு கெட்டவரா? இல்லை. கூப்பிடாமலே இருமுறை ஓடி வந்தவர். ஆனாலும் நேராக, கொடிமரம்போல் நின்ற கையை அவர் பார்க்கவில்லை. ஏன்? முதுகு திரும்பியிருந்தது, கையில் வேலை இருந்தது. காணொளியில் அந்தக் கணம் இஞ்ஞாசி எங்கே நின்றார்? முதுகைக் காட்டி, பலகையில் எழுதிக்கொண்டு. இந்த இடத்தில் ரயில் குலுங்கியது. ரயில் குலுங்கவே இல்லை என்று அருகில் இருந்தவர் சொல்லக்கூடும்.

வீடு சேர்ந்து குளியலறைக் கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கினார், இறக்கினார், தூக்கினார்.

“தலை அரிக்குதா? ஷாம்பூ மாத்திப் பாருங்க,” என்றார் அற்புதமேரி, சமையலறையிலிருந்து.

“அரிக்கல மேரி. ஒரு பிள்ளை கை தூக்கியிருக்கு, நான் பார்க்காம விட்டிருக்கேன் போல.”

வெங்காயம் நறுக்கும் ஓசை நிற்கவில்லை. “ஒண்ணுதானா?”

விற்படையும் வேற்படையும் செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. இஞ்ஞாசி குளியலறைப் படியில் உட்கார்ந்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது; அம்மையார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் பூசை முடிந்து, ஆலய வாசலில் நின்றபடியே, வெட்டிய தலையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டும் பெருந்தன்மையோடு, பெதானிக்குத் தம் குறியை அனுப்பினார்: கை தூக்குதல்.

அதே ஞாயிறு, அதே வேளை, ஆங் மோ கியோவில் துணி மடித்துக்கொண்டிருந்த வைதேகியின் நெஞ்சிலும் ஒரு நீதி விசாரணை நடந்தது. இஞ்ஞாசி உண்மையாகத்தான் சொறிந்தார். அவள் கண்ணெதிரே சொறிந்தார். ஆனாலும் கடைக்காரர் கண்ணுக்கு அது கை தூக்கியதாகத் தெரிந்தது, தேயே வந்துவிட்டது. அப்படியானால் மாணவி ஏழு கை தூக்கினாள் என்று தான் நம்பியதும் வடிவேலு நம்பியது போன்றதுதானா? காண விரும்பியதைக் கண்டோமோ? அவளுக்கு அவரிடம் இரக்கம் ஏதும் இல்லை. ஆதாரத்திடம் அச்சம் இருந்தது. மடித்த துணியை வைத்துவிட்டு, காணொளியைத் தனியே இன்னொரு தடவை பார்த்துவிட்டு, தன் குறியை அனுப்பினாள்: பிற.

மாலையில் பெதானியின் குரல்பதிவு இருவர் கைபேசிக்கும் வந்தது. தொடக்கத்தில் நெடுநேரம் சிரிப்பு மட்டுமே கேட்டது.

“இஞ்ஞாசி சார், வைதேகி, ரெண்டு பேருமே மாத்திட்டீங்க. இப்ப அவரு தூக்கினாங்கறாரு, நீங்க சொறிஞ்சாங்கறீங்க. பழைய நம்பரேதான் லா.” மறுபடி சிரிப்பு. “எண்பது வந்தே ஆகணும்னு நான் எப்பங்க சொன்னேன்? வந்த நம்பர அப்படியே எழுதுங்க. ஏன் ஒத்து வரலன்னு எழுதுங்க. அதுக்குத்தான் மார்க். அப்புறம் ஒண்ணு கேக்கணும். தேவைப்பட்டா பிள்ளைங்ககிட்டயே கேட்டுத் தெரிஞ்சிக்கலாம்னு பேரண்ட்ஸ் சம்மதம் கொடுத்திருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் ஏன் அந்தப் பிள்ளைகிட்ட கேக்கல?”

இரு பெரும் படைகள், கொடி, முரசம், விரதம், பாடநூல் அனைத்தும் இருந்த இடத்திலேயே நின்றன. வைதேகியிடமிருந்து இஞ்ஞாசிக்கு ஒரு செய்தி வந்தது: ‘சார், நம்ம ஏன் கேக்கல?’ அவர் பதிலுக்குத் தட்டச்சிட்டு, அழித்து, தட்டச்சிட்டு, கடைசியில் ‘தெரியலம்மா’ என்று அனுப்பினார்.

திங்கட்கிழமை புலர்ந்தது. மாணவி ஏழு என்று ஆய்வேடுகளில் மறைபெயர் தாங்கியவளும், பெற்றோர் இட்ட பெயரால் ரோஷினியுமாகிய அந்தப் பெண்ணின் மேசையை நோக்கி, தீர்ப்பு நாளில் அழைக்கப்பட்ட ஆன்மாவின் நடுக்கத்தோடும், அதை மறைக்க வருவித்துக்கொண்ட செருமலோடும், நாற்காலிகளின் கணவாய்களைக் கடந்து, புத்தகப்பைகளின் குன்றுகளைத் தாண்டி, இடையில் மூவர் கேட்ட மூன்று ஐயங்களுக்கு ‘அப்புறம், அப்புறம்’ என்று விடையிறுத்து, இஞ்ஞாசி சென்று சேர்ந்தார். முழங்கால் முறுமுறுக்க அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

“ரோஷினி, அன்னிக்கு கேமரா வச்சுப் பாடம் நடத்தினோமே. சார் போர்டுல எழுதும்போது உன் கை மேல போச்சு. நீ கை தூக்கினியா, தலைய சொறிஞ்சியா?”

அவள் யோசித்தாள். “ரெண்டும்தான் சார்.”

“ரெண்டுமா?”

“எப்பவும் அப்படித்தான். மொதல்ல தூக்குவேன். நீங்க எழுதிக்கிட்டே இருப்பீங்க. சும்மா இறக்கினா பக்கத்துல சிரிப்பாங்க, ஸோ தலைய சொறியற மாதிரி செஞ்சுக்குவேன்.”

‘எப்பவும்’ என்ற சொல் வகுப்பறைக் கூரையில் மோதி, சுவர்களில் எதிரொலித்து, கால்நூற்றாண்டுக் கோட்டையின் அடித்தளத்துக்குள் இறங்கியது. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன கேக்கறதுக்கும்மா தூக்குவே?”

“ஃபேன் சார். எனக்கு நேர் மேல சுத்துது. குளிருது.”

“இப்பவுமா?”

“இப்பவும்தான்.”

அண்டம் கிடுகிடுக்க, எட்டுத் திக்கு யானைகளும் செவியாட்டம் மறந்து நிற்க, இரண்டு வீரர்களும் சரியாகவே கண்டார்கள், இரண்டு வீரர்களும் சரியாகவே தோற்றார்கள் என்று விண்ணோர் முடிவெழுத, விரதம் துறந்த வேந்தர், விருதுகள் யாவும் களைந்த வெறும் மனிதராய், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டவரின் நிம்மதியும் கேளாது விட்டவற்றின் பாரமும் ஒருசேர நெஞ்சில் தாங்கி, முழங்காலில் கையூன்றி மெல்ல நிமிர்ந்தார்.

இஞ்ஞாசி போய் மின்விசிறியை நிறுத்தினார்.